பனிமூட்டம் விலகும்போது தெரியும் துக்ளகாபாத்: சிதைவுகளுக்குச் சாட்சியாகும் படங்கள்

புது தில்லி: தில்லியின் தென்கோடியில், மெஹ்ரௌலி - பதர்பூர் சாலையோரம் சிதைந்து கிடக்கிறது துக்ளகாபாத் கோட்டை. ஜனவரிக் குளிரில், கம்பளி போர்த்திய புகைப்படக்காரர்கள் பனிமூட்டம் விலகுவதற்காக இங்கு காத்திருப்பதைக் காணலாம்.

காத்திருப்புக்குக் காரணம் உண்டு. குளிர்காலச் சூரியன் தென்வானில் தாழ்ந்தே செல்வதால், கோட்டையின் தெற்கு மதில்மீது வெயில் சாய்வாக விழுகிறது. கற்களின் இடுக்குகளும் விரிசல்களும் நிழலோடு தனித்துத் தெரிகின்றன.

கியாசுதீன் துக்ளக் 1321-இல் கட்டத் தொடங்கிய இக்கோட்டையின் சுற்றளவு சுமார் 6.5 கி.மீ. அவர் 1325-இல் இறந்தபின் சில ஆண்டுகளிலேயே நகரம் கைவிடப்பட்டது. சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் சாபமே காரணம் என்பது மக்கள் வழக்கு. எதிரே, வெண்பளிங்குக் குவிமாடத்துடன் கியாசுதீனின் கல்லறை மட்டும் பெரிதும் சிதையாமல் நிற்கிறது.

நினைவுச் சின்னங்களில் படமெடுக்க இருந்த தடையை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை 2018 ஜூலையில் தளர்த்தியது. அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மஹாலின் கல்லறை மண்டபம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை நீடித்தது.

காணாமல் போன 50

இப்படங்கள் வெறும் அழகுக்கானவை அல்ல. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் 92-ஐக் காணவில்லை என்று 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அளித்தார். அவற்றில் 42 கண்டறியப்பட்டதாகவும், எஞ்சிய 50-இல் 14 நகர விரிவாக்கத்துக்கு இரையாகி, 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கி, 24 இருந்த இடமே தெரியவில்லை என்றும் கலாசார அமைச்சகம் 2022-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் தெரிவித்தது. தலைநகரிலேயே இருந்த பாராகம்பா கல்லறையும் அந்த 24-இல் ஒன்று. நாடெங்கும் இருந்த 3,693 சின்னங்களில் 248 இடங்களில் மட்டுமே காவலர்கள் பணியமர்த்தப்பட்டிருந்ததும் அப்போது வெளிவந்தது.

ஒவ்வொரு சின்னத்துக்கும் புகைப்படம், காணொளி, அமைவிட அளவுகள், ஆக்கிரமிப்பு விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவேடு வேண்டும் என்று நிலைக்குழு பரிந்துரைத்தது.

அதன் தேவையைத் துக்ளகாபாத் உணர்த்துகிறது. கோட்டைப் பகுதி ஆக்கிரமிப்புகளை அகற்ற உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. 2023 ஏப்ரல் இறுதியில் தொடங்கிய நடவடிக்கையில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டு, பல ஏழைக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கோட்டையின் எல்லையை ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்பிட்டிருந்தால், முதல் சுவர் எழும்போதே தடுத்திருக்க முடியும். கோட்டை நிலமும் தப்பியிருக்கும். சேமிப்பைக் கொட்டி வீடு கட்டியவர்களும் தப்பியிருப்பார்கள்.

படமெடுக்க ஆர்வலர்கள் பலர் இருக்கிறார்கள். அவற்றை முறையாகச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு அரசினுடையது. நிலைக்குழுவின் பரிந்துரை எந்த அளவுக்கு நிறைவேறியது என்று அவையில் கேட்கும் பொறுப்பு உறுப்பினர்களுடையது.