புதுத் தூண்டிலும் பழைய பாடமும்

மச்சம் உண்ணாத ஒருவன் தூண்டில் பிடித்த கதையை எழுதப் புகுந்தால் வாசகர் நகைப்பர் என்பதை யான் அறியாதவனல்லேன். எனினும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

சென்ற பங்குனி மாதத்துப் பிற்பகுதி. வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத சில நாள்கள் அவை. அவுஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கையின் மகன் நீண்ட குழாய் ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தான். "மாமா, இதை இன்னும் தண்ணியிலை போட்டுப் பார்க்கேல்லை. உங்களோடைதான் முதல்முதல் போகவேணும் எண்டு வைச்சிருந்தனான்" என்றான். குழாயினுள்ளே துணியுறையில் நான்கு துண்டுகளாய் ஒரு தூண்டிற்கோல்; வேறொரு பையில் ஒரு றீல். இரண்டும் கடல்நீருக்கென்றே ஆக்கப்பட்டவை.

பண்டிதனுக்கும் தூண்டிலுக்கும் என்ன உறவு என்று யான் கேட்குமுன் அவனே விடை கூறினான். சிறுவனாய் என்னிடம் தமிழ் படித்த நாள்களில், தூண்டிலுக்குத் தப்பிய மீன் ஒன்று நிழலைக் கண்டு அஞ்சிய கதையை யான் சொன்னேனாம். அதனை அவன் மறக்கவில்லை.

அது பெரும்பாணாற்றுப்படையில் வரும் செய்தி. காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் கூறும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், இடையிலே பாண்மகன் ஒருவன் மீன் பிடித்த இடத்தைக் காட்டுகிறார். தோற்பையிலே இறைச்சித் துண்டம். கையிலே நாண் கட்டிய நீண்ட மூங்கிற்கோல். நாணின் நுனியில் வளைந்த இரும்பு முள். இரையைக் கவ்விக்கொண்டு முள்ளுக்குத் தப்பிய வாளைமீன், பின்பு நீரோரத்தே நின்ற பிரம்பின் நடுங்கும் நிழலைக் கண்டும் வெருவிற்று என்பது பாட்டின் பொருள். இதனை இருபத்தாறு ஆண்டுகளாக வகுப்பிலே யான் உரைத்து வந்திருக்கிறேன். நிழலுக்கு மீன் அஞ்சுமோ? புலவர் மிகைபடக் கூறினார், ஆதலின் அதிசய அணி என்று கொள்க. இவ்வாறே சொன்னேன், இவ்வாறே எழுதுவித்தேன்.

நிற்க. மருமகன் கொண்டுவந்த கருவியின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். நம் ஊரில் நூலின் நுனியில் ஈயக்கட்டியைக் கட்டிச் சுழற்றி எறிவர். ஈயம் தன் பாரத்தாற் பறந்து செல்ல, நூல் அதன் பின்னே இழுபட்டுப் போகும். இந்தத் தூண்டிலில் எறியப்படுவது நூலே. வழவழப்பான மேற்பூச்சிட்ட தடித்த நூல் அது. அதன் முனையில் ஒன்பதடி நீளத்துக்குக் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நைலோன் இழை. இழையின் முனையில் மான்வால் மயிரும் மினுங்கும் தாள்நறுக்கும் கட்டிய முள். அந்த முள்ளை அவர்கள் 'பிளை' என்பர். ஈ என்பது பொருள். ஆற்றுமீனுக்கு ஈயைப் போலச் செய்து காட்டிய காலத்துப் பெயர் கடலுக்கு வந்தபின்னும் மாறவில்லை. இங்கே அது சிறுமீனைப் போலவே செய்யப்படுகிறது. யான் அதனைப் பொய்யிரை என்பேன். அதற்கென்று பாரம் ஏதுமில்லை எனலாம். இறகை எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்? ஆகவே நூலின் பாரமே கோலை வளைக்க வேண்டும். வளைந்த கோல் நிமிர்ந்து நூலை அனுப்ப வேண்டும்.

கோலில் 8 என்னும் எண் பொறிக்கப்பட்டிருந்தது. அக்கோல் எறியத்தக்க நூலின் நிறையை அந்த எண் குறிக்கும். எட்டாம் எண் நூலின் முதல் முப்பதடி 210 கிறெயின், அஃதாவது 14 கிராமுக்கும் சற்றுக் குறைவு. நம்மவர் குன்றிமணியாற் பொன் நிறுத்ததுபோல அவர்கள் தானியமணியால் நிறுத்த அளவை இன்னும் அங்கே வழங்குகிறது என்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

கோலின் நீளம் ஒன்பதடி. கையில் எடுத்தால் ஒரு குடையின் பாரமுமில்லை. 1960களில் இங்கிலாந்தின் பார்ன்பரோவிலே வானூர்தி ஆராய்ச்சியாளர் வளர்த்தெடுத்த காபன் இழை, 1970களின் முற்பகுதியில் தூண்டிற்கோலுக்கு வந்தது. அதற்கு முன் கண்ணாடியிழை. அதற்கும் முன் மூங்கில். சீனத்து மூங்கிலை ஆறு கீற்றாகப் பிளந்து ஒட்டிச் செய்த கோல்களையே மேனாட்டார் நெடுங்காலம் போற்றினர். சங்கப் பாணன் கையிலிருந்ததும் மூங்கிலே என்று யான் சொன்னபோது மருமகன் கோலைப் பொருத்தி ஓர் அசைப்பு அசைத்து நிறுத்தினான். நுனி இருமுறை துடித்து அடங்கிற்று. "மூங்கில் எண்டால் இன்னும் கொஞ்ச நேரம் நடுங்கும், மாமா. கோல் நடுங்கினால் அந்த நடுக்கம் நூலிலையும் அலையாய் ஓடும்" என்றான். பாட்டிலும் அந்தத் தூண்டில் நடுங்குகிறது என்பது அப்போது என் நினைவில் தட்டிற்று. ஆயினும் யான் அதனைப் பொருட்படுத்தவில்லை.

றீலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அலுமினியக் கட்டியைக் கடைந்து செய்தது. தடித்த நூலுக்கு அடியிலே இருநூறு யார் மெல்லிய பின்னல்நூல் சுற்றியிருந்தது. பெருமீன் ஓடினால் விட்டுக்கொடுப்பதற்கு. ஓட்டத்தைத் தடுக்கும் தட்டுகள் உப்புநீர் புகாதவாறு மூடப்பட்டிருந்தன. பக்கத்துத் திருகைத் திருப்பினால் தடை இறுகும் அல்லது தளரும். கடலில் இவ்வகைத் தூண்டில் போடுவது பழைய வழக்கமன்று. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாத் தென்கோடித் தீவுகளிலே ஜோ புரூக்ஸ் என்பார், முழங்காலளவு நீரில் மேயும் கூச்சமிகுந்த மீன்களைப் பொய்யிரையாற் பிடித்துக்காட்டிய பின்னரே அது பரவிற்று என்பர். அவர்களும் ஆழமற்ற நீரில் வள்ளத்தைக் கம்பூன்றித் தள்ளிச் சென்றே மீனைத் தேடுகின்றனராம். நம் பரவைக்கடற் காட்சியே அது!

முதற் பயிற்சி எங்கள் வளவில் நடந்தது. முள்ளுக்குப் பதிலாக ஒரு பஞ்சுத் துணுக்கைக் கட்டிக்கொண்டு வீசினேன். பின்னே வீசிய நூல் நீண்டு நேராகும்வரை பொறுத்திருந்து முன்னே வீசவேண்டும் என்றான் மருமகன். யான் பொறுக்கவில்லை. நூல் சாட்டைபோலச் சுளீரென்றது, பஞ்சு பறந்துபோயிற்று. மறுமுறை நூல் கிளுவை வேலியில் மாட்டிக்கொண்டது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினர். பின்னர் எனக்குத் தெரிந்த அளவையைக் கைக்கொண்டேன். கண் இமைக்கும் பொழுது ஒரு மாத்திரை. குறுகிய நூலுக்கு ஒரு மாத்திரை பொறுத்தேன். நூல் நீள நீள இரண்டும் மூன்றுமாய்ப் பொறுத்தேன். யாப்புப் படித்தவனுக்கு அது எளிதாகவே இருந்தது. நாற்பதடி வரை நூல் நேராய்ப் போய் விழுந்தது. பிள்ளைகள் ஏமாற்றத்தோடு கலைந்தனர்.

மறுநாட் காலையிற் கடலுக்குப் போனோம். மண்டைதீவை நோக்கிய ஆழமற்ற பரப்பு, இடுப்பளவு நீர், அடியிலே சாதாளை படர்ந்த திட்டுகளும் இடையிடையே வெண்மணலும் தெளிவாய்த் தெரிந்தன. சிறகுவலைத் தடிகள் வரிசையாய் நின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. வள்ளம் தள்ளிய முதியவர் அக்கடலிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் கருவியை ஒருமுறை மேலுங் கீழும் பார்த்தார், ஒன்றுஞ் சொல்லவில்லை.

வள்ளத்தில் நின்று வீசுவது வளவில் நின்று வீசுவதன்று. கையால் இழுத்து விட்ட நூல் காலடியிற் சுருள் சுருளாய்க் கிடக்கும். அது எதிலே மாட்டலாம் என்று காத்திருப்பதுபோற் கிடக்கும். நீர் இறைக்கும் பட்டையில் மாட்டிற்று. நங்கூரக் கயிற்றில் மாட்டிற்று. கடைசியில் என் வேட்டியைச் சுற்றிக்கொண்டது. முதியவர் ஈரச் சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் நூலைப் போடச் சொன்னார். என்னை வேட்டியை மடித்துக் கட்டச் சொன்னார். இரண்டும் நல்ல யோசனைகள்.

காலை வெயில் முதுகிற் பட, மேற்கு நோக்கி நின்றோம். அவ்வாறு நின்றாலன்றி நீருக்குள் மீன் தெரியாது. முப்பதடிக்கு அப்பால், வெண்மணலின்மேல், திரளிக் கூட்டம் ஒன்று மெல்ல வந்தது. திரளி பொய்யிரையைக் கவ்வுவது அரிது. அதனைத் தொடர்ந்து பாரை வரக்கூடும் என்று மருமகன் காதிலே சொன்னான். யான் கோலை உயர்த்தி நூலை முன்னும் பின்னுமாய் வீசி நீளவிட்டேன். நூல் இன்னும் நீரைத் தொடவில்லை, ஒலியும் எழவில்லை. மணலின்மேல் ஒரு மெல்லிய கருங்கோடு ஓடிற்று. அவ்வளவே. கூட்டம் முழுவதும் வெடித்ததுபோற் சிதறி மறைந்தது.

"நிழல்" என்றார் முதியவர். அன்று அவர் பேசிய முதற் சொல் அது.

யான் சிறகுவலைத் தடிகளைக் காட்டினேன். "அவ்வளவு தடிக்கும் நிழல் கிடக்குதே. அதுக்குப் பயப்படேல்லையே?"

"அது எப்பவும் கிடக்கிற நிழல், ஐயா. ஆடாது. ஆடுற நிழலுக்குத்தான் மீன் பயம். மேலாலை பறவை வருகுதெண்டு நினைக்கும்."

பின்பு அவர் வள்ளத்தைச் சற்றுத் திருப்பினார். வெயில் தோட்பக்கமாக விழுந்தது. கோலைத் தலைக்குமேல் உயர்த்தாமல் பக்கவாட்டிலே தாழ வீசும்படி மருமகன் காட்டினான். ஒரு நாழிகை அளவு வீசியிருப்போம். முதலிற் கவ்விய மீன், யான் பதறிக் கோலை வெட்டி இழுக்கத் தப்பிப் போயிற்று. வளைந்த கோல் வானை நோக்கி நிமிர்ந்தது. யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் மேலெழுவதற்குத் தூண்டிலை உவமை சொல்லி, அவ்வுவமையாலேயே மீனெறி தூண்டிலார் என்று பெயர்பெற்ற குறுந்தொகைப் புலவர் அன்று என் கையிலே இருந்தார்.

இரண்டாவது மீன் தப்பவில்லை. ஒருசாண் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட பாரை. அச்சிறுமீனுக்கு இத்துணை வலியுண்டென்று யான் கனவிலும் நினைத்ததில்லை. சாக்கின்மேற் கிடந்த நூல் முழுவதும் ஓடி முடிந்து, றீல் கீச்சிட்டது. தடையைச் சற்று இறுக்கும்படி மருமகன் சொன்னான். யான் மறுபக்கம் திருப்பிவிட்டேன். றீல் தறிகெட்டுச் சுழன்று நூல் உள்ளே சிக்குண்டது. கருவிமேற் குற்றமில்லை. இறுதியிலே நூலைக் கையாற் பிடித்தே மீனை அருகில் கொண்டுவந்தோம். வெள்ளித் தகடு போன்ற உடல்; மஞ்சட் சாயல் படர்ந்த செட்டைகள்; வாயோரத்தில் எங்கள் முள். எனக்கு மகிழ்ச்சியும் கூச்சமும் ஒருங்கே உண்டாயின. மருமகன் அதனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றிக் கையைத் தளர்த்தினான். மீன் சற்று நின்றது, பின் போயிற்று.

முதியவர் முகம் சுளித்தார். "விடுறதெண்டால் ஏன் பிடிக்கிறியள், தம்பி?"

மருமகன் தங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினான். அங்கும் நம் கொடுவாமீனே உண்டு; பெயர்தான் வேறு. பலர் அதனைப் பிடித்துப் பார்த்து விட்டுவிடுவர். மீன்வளம் குன்றாதிருக்க அது உதவும் என்றான். முதியவர் பொறுமையாய்க் கேட்டார். வயிற்றுக்காக அன்றி ஓர் உயிரின் வாயைக் குத்துவது நன்றா என்பதே அவர் கேள்வியின் உட்பொருள். அதற்கு மருமகன் சொன்னது விடையாகாது என்றே எனக்குத் தோன்றிற்று. மச்சம் உண்ணாத யானோ அவ்விருவரிலும் குறைந்த நியாயம் உடையவனாய் நின்றேன். உண்பவன் கொல்கிறான், சரி. உண்ணாத எனக்கு அங்கே என்ன வேலை?

பின்பு முதியவர் கம்பை ஊன்றியவாறே, மீன் போன திசையைப் பார்த்துச் சொன்னார்: "இனி அந்தப் பாரை உங்கடை கோலுக்குக் கிட்ட வராது. கரையிலை கண்டல் கொப்பு ஆடினாலும் ஓடும்."

யான் கோலைக் கீழே வைத்துவிட்டேன். கண்டலின் இடத்திலே பிரம்பையும் பாரையின் இடத்திலே வாளையையும் வைத்தால், அவர் சொன்னது உருத்திரங்கண்ணனார் சொன்னதே. ஒரு சொல்லும் மிகையில்லை. முள்ளின் நோவை அறிந்த மீன், அசையும் நிழல், அச்சம். நிழலுக்கு நடுக்கத்தை அடையாக்கியது அழகுக்காக என்று கடந்துபோயிருந்தேன். அந்த அடையில்தான் செய்தியே இருந்தது. அதிசய அணியன்று, கண்டதைக் கண்டபடி கூறிய தன்மையணி.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊரிலிருந்து ஒரு மாணவன் என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். சோதனையிலே இப்பகுதியின் அணிநயத்தை விளக்குமாறு கேட்டிருந்தேன். "பிரம்பு ஆடியபடியால் மீன் ஓடியது. மீன் அப்படித்தான் செய்யும். இதில் மிகை இல்லை" என்று இரண்டே வரியில் எழுதியிருந்தான். சிவப்பு மையாற் குறுக்கே கோடிட்டு, பத்துப் புள்ளிக்கு ஒரு புள்ளி கொடுத்தேன். விடைத்தாளைக் கையில் வாங்கியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யான் அடுத்தவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். அந்த ஆண்டோடு அவன் வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது. புள்ளியாலா, வறுமையாலா, வேறெதனாலா என்று அன்று யான் விசாரிக்கவில்லை. வள்ளம் கரைக்குத் திரும்பும்வரை அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். எழுத்துத்தான் நினைவுக்கு வந்தது. சாய்ந்த, நெருக்கமான எழுத்து.

வீட்டுக்கு வந்ததும் கோலையும் றீலையும் கிணற்றுநீரிற் கழுவினோம். தடைத்திருகை முற்றாய்த் தளர்த்தி நிழலிலே காயவைக்க வேண்டுமாம். இறுக்கியபடி வைத்தால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளுமாம். சிக்கிய நூலைப் பிரித்தெடுக்க ஒரு பின்னேரம் முழுவதும் சென்றது. மருமகன் ஊருக்குத் திரும்பும்போது றீலைக் கொண்டுபோய்க் கோலை என்னிடம் விட்டுச் சென்றான். அடுத்த ஆண்டும் வருவானாம்.

என் பாடக்குறிப்பேட்டில் அப்பகுதிக்கு எதிரே எழுதியிருந்ததை வெட்டிவிட்டேன். அடுத்த வகுப்புக்குக் கோலைக் கொண்டுசென்று, முற்றத்து வெயிலிலே பொருத்தி அசைத்துக் காட்டினேன். பின்வரிசையிலிருந்த பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, "ஐயா, அப்படியெண்டால் போன வருடம் படிச்சவை சோதினையிலை என்ன எழுதியிருப்பினம்?" என்று கேட்டாள்.