நீதிபதிக்கும் ஓட்டு உண்டு: விஸ்கான்சின் மாநிலத் தேர்தல்கள்

அமெரிக்கத் தேர்தல் என்றாலே நம்மவர்களுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஜனாதிபதி தேர்தல்தான் நினைவுக்கு வரும். யார் ஜெயித்தார், விசா என்னவாகும், டாலர் ஏறுமா இறங்குமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அங்கே குடியேறிய நம் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையில் வாஷிங்டனைவிட அவர்கள் வசிக்கும் மாநிலத்துக்குத்தான் பங்கு அதிகம். பள்ளிக்கூடம், சொத்து வரி, ஓட்டுநர் உரிமம், கல்யாணப் பதிவு, பெரும்பாலான குற்ற வழக்குகள் எல்லாமே மாநிலத்தின் கையில் இருப்பவை. அந்த மாநிலத்தை யார் ஆள்கிறார்கள், அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மும்பையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். மகள் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் இருப்பதால் அந்த ஊர் தேர்தல்களைக் கொஞ்சம் கவனிக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது விதமான சட்டங்கள். எல்லாவற்றையும் சொல்ல இங்கே இடமில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊர் கவர்னர் வேறு, அவர்கள் ஊர் கவர்னர் வேறு. இங்கே கவர்னர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர். அங்கே அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர். ஆனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தால்தான் பதவியில் நீடிக்கலாம் என்ற கட்டாயம் அவருக்கில்லை. கவர்னர் ஒரு கட்சி, சட்டமன்றம் இன்னொரு கட்சி என்று நான்கு வருஷமும் ஓடலாம், ஓடியும் இருக்கிறது.

கவர்னரோடு துணை கவர்னரும் ஒரே ஜோடியாக நவம்பரில் நிற்கிறார். அட்டர்னி ஜெனரல், மாநிலச் செயலாளர், பொருளாளர் ஆகிய மூவருக்கும் தனித்தனி ஓட்டு. இந்த இடத்தில்தான் நமக்கு ஆச்சரியம் தொடங்குகிறது. நம் நாட்டில் அட்வகேட் ஜெனரல் ஆளும் அரசின் யோசனைப்படி நியமிக்கப்படுபவர். அங்கே அரசின் தலைமை வழக்கறிஞர் கவர்னருக்குக் கடன்பட்டவர் அல்ல. நேரே மக்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர். எதிர்க்கட்சிக்காரராகவும் இருக்கலாம். 2022 நவம்பரில் கவர்னர் டோனி எவர்ஸ், அட்டர்னி ஜெனரல் ஜோஷ் கால், மாநிலச் செயலாளர் டக் லா ஃபாலெட் மூவரும் ஜனநாயகக் கட்சி; பொருளாளராக ஜெயித்த ஜான் லைபர் குடியரசுக் கட்சி. அதே நாளில், அதே வாக்காளர்கள், வாஷிங்டன் செனட்டுக்கு குடியரசுக் கட்சியின் ரான் ஜான்சனை மறுபடி அனுப்பினார்கள். கட்சியைப் பார்த்து கண்ணை மூடிக்கொண்டு குத்துகிற ஓட்டு அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

பொருளாளர் பதவியைப் பற்றி ஒரு சின்ன வேடிக்கை. காலப்போக்கில் அதன் வேலைகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டு, பள்ளி நூலகங்களுக்குப் பணம் தரும் பொதுநில வாரியத்தில் ஓர் இடம், அதைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி அதிகமில்லை என்றாகிவிட்டது. பதவியையே எடுத்துவிடலாமா என்று 2018 ஏப்ரலில் மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள்! ஒருமுறை கொடுத்த ஓட்டுரிமையைத் திருப்பிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

கல்வித் துறைத் தலைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இது ஏப்ரல் தேர்தல். சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. எவர்ஸ் கவர்னராவதற்கு முன்பு 2009 முதல் இந்தப் பதவியில் இருந்தவர்தான். பள்ளி வாத்தியாராகத் தொடங்கி கவர்னர் ஆனவர் என்று சொல்லலாம்.

சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். அசெம்பிளியில் 99 பேர், இரண்டு ஆண்டுப் பதவி. செனட்டில் 33 பேர், நான்கு ஆண்டு. ஒவ்வொரு செனட் தொகுதிக்குள்ளும் சரியாக மூன்று அசெம்பிளித் தொகுதிகள். கணக்கு அழகாக இருக்கிறது. தொகுதி எல்லையை வரைந்த கைதான் வில்லங்கம் செய்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்குப்படி எல்லைகளைச் சட்டமன்றமே மாற்றி வரைகிறது. நம் நாட்டில் அதற்கென்று தனி ஆணையம் உண்டு. அங்கே பெரும்பான்மைக் கட்சியே பென்சிலைப் பிடிக்கிறது. 2011-இல் குடியரசுக் கட்சி வரைந்த வரைபடத்தின் பலன் 2018-இல் அப்பட்டமாகத் தெரிந்தது. அசெம்பிளிக்கு மாநிலம் முழுதும் விழுந்த ஓட்டுகளில் பாதிக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கு. கிடைத்த இடமோ 99-இல் 36. அதே நாளில் மாநிலம் தழுவிய கவர்னர் தேர்தலில் அந்தக் கட்சியே ஜெயித்தது. தொகுதிக்கோட்டை வளைக்கலாம், மாநில எல்லையை வளைக்க முடியாது அல்லவா! தோற்ற கவர்னர் ஸ்காட் வாக்கர் பதவியை விட்டு இறங்குவதற்கு முன், டிசம்பரிலேயே சட்டமன்றம் கூடி, வரப்போகும் கவர்னர், அட்டர்னி ஜெனரல் இருவரின் அதிகாரங்களையும் வெட்டிவிட்டது. வாக்கர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

கவர்னர் கையிலும் ஒரு விசித்திர ஆயுதம் இருக்கிறது. நிதி ஒதுக்கும் மசோதா வந்தால் முழுதாக நிராகரிக்க வேண்டியதில்லை. நடுவில் சில சொற்களையோ எண்களையோ மட்டும் அடித்துவிட்டு மீதியைச் சட்டமாக்கலாம். 2023 பட்ஜெட்டில், மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 325 டாலர் வீதம் பள்ளி வருவாய் உச்சவரம்பை உயர்த்துவது '2024-25' கல்வியாண்டு வரை என்றிருந்தது. எவர்ஸ் '20' என்ற எண்ணையும் நடுவிலிருந்த சிறுகோட்டையும் அடித்தார். மிச்சம் நின்றது '2425'. இரண்டு வருஷத்துக்கான உயர்வு நானூறு வருஷத்துக்கு நீண்டுவிட்டது! ஒரு பேனாக் கோட்டில் இவ்வளவு வேலை எந்தக் கிளார்க்கும் செய்து நான் பார்த்ததில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரலில் 4-3 என்று கவர்னர் செய்தது செல்லும் என்றார்கள்.

இந்த நாலுக்கு மூன்றில்தான் விஷயம் முழுதும் இருக்கிறது. அந்த நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள். ஏழு பேரும் மாநிலம் முழுதும் ஓட்டுக் கேட்டு வந்தாக வேண்டும். பத்தாண்டுப் பதவி, ஓர் ஆண்டில் ஒரு நீதிபதிக்குத்தான் தேர்தல் என்பது அரசியலமைப்பு விதி. நடுவில் இடம் காலியானால் கவர்னர் ஒருவரை நியமிப்பார். அவரும் பிறகு வேறு நீதிபதி தேர்தல் இல்லாத ஓர் ஏப்ரலில் மக்களைச் சந்திக்க வேண்டும். கீழ் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் ஆறாண்டுக்கு ஒரு தேர்தல். வாஷிங்டனில் இருக்கும் மத்திய உச்ச நீதிமன்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ஜனாதிபதி நியமனம், ஆயுள் பதவி.

சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது என்பது சட்டம். நடப்பு வேறு. யார் எந்தப் பக்கம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். 2008-இல் லூயிஸ் பட்லர் என்பவர் நின்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 2004-இல் நியமனத்தில் வந்தவர். எதிர்த்து நின்ற மைக்கேல் கேபிள்மனின் தொலைக்காட்சி விளம்பரம், பட்லர் முன்னொரு காலத்தில் ஒரு பாலியல் குற்றவாளிக்காக வாதாடியதையும், அவன் பிறகு மறுபடி குற்றம் செய்ததையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியது. பார்க்கிறவனுக்கு, பட்லர்தான் அவனை அவிழ்த்துவிட்டார் என்று தோன்றும். உண்மையில் அவன் தண்டனைக் காலத்தைச் சிறையில் கழித்து வெளியே வந்த பிறகே அடுத்த குற்றம் நடந்தது. பட்லரோ அரசு ஏற்பாடு செய்த எதிர்த்தரப்பு வக்கீலாகத் தன் கடமையைச் செய்தவர். பட்லர் தோற்றார். பதவியிலிருந்த நீதிபதி ஒருவர் அங்கே தேர்தலில் தோற்பது 1967-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. விளம்பரம் நெறி மீறியதா என்ற புகார் அதே நீதிமன்றத்துக்கு வந்தபோது மற்ற ஆறு பேரும் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். வக்கீல் ஆபீஸில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது பொறுக்கவில்லை. குற்றவாளிக்காக வாதாடினார் என்பதே குற்றம் என்றால் நாளைக்கு எந்த இளைஞன் அந்த வேலைக்கு வருவான்?

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023-இல் ஜானெட் புரோட்டாசேவிச் ஜெயித்த தேர்தலில் இரு தரப்பும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. 2025-இல் சூசன் கிராஃபோர்ட், பிராட் ஷிமெல் போட்டியில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எலான் மஸ்க்கும் அவர் சார்ந்த அமைப்புகளும் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் இறக்கினார்கள். கிரீன் பே நகரில் மேடையேறி வாக்காளர் இருவருக்குப் பத்து லட்சம் டாலர் காசோலை வேறு. அவர் ஆதரித்த ஷிமெல் தோற்றார். ஜெயித்தவர் பக்கமும் கோடீஸ்வரர்களின் பணம் இல்லாமலில்லை.

சரி, பணம் கொட்டி வந்த நீதிபதிகள் கட்சி சொன்னபடிதான் ஆடுவார்களா? அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. 2019-இல் பழமைவாதிகளின் வேட்பாளராக பிரையன் ஹேகடார்ன் சுமார் 6,000 ஓட்டு வித்தியாசத்தில் வந்தார். 2020 ஜனாதிபதி தேர்தலில் விஸ்கான்சினில் பைடன் 20,682 ஓட்டில் முன்னணி. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளைத் தள்ள வேண்டும் என்று டிரம்ப் தரப்பு வழக்குப் போட்டது. டிசம்பர் 14 அன்று 4-3 என்று தள்ளுபடி. அந்த நாலாவது ஓட்டு ஹேகடார்னுடையது. தீர்ப்பை எழுதியவரும் அவரே. 2023-இல் பெரும்பான்மை கைமாறியதும் அதே நீதிமன்றம், டிசம்பரில், பழைய தொகுதி வரைபடம் செல்லாது என்றது. அப்போது ஹேகடார்ன் எதிர்ப்பக்கம் நின்றார். புதிய வரைபடத்தில் 2024-இல் நடந்த தேர்தலில் அசெம்பிளி 54-45, செனட் 18-15. இரண்டும் குடியரசுக் கட்சிக்கே, ஆனால் மூச்சுவிடும் இடைவெளியில்.

நம் முறை இதற்கு நேர் எதிர். 1993 தீர்ப்புக்குப் பிறகு நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அதை மாற்ற வந்த ஆணையச் சட்டத்தை 2015-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. அடைத்த அறைக்குள் நடப்பது நமக்குத் தெரிவதில்லை என்ற குறை நியாயமானதே. ஆனாலும் தெருவில் விளம்பரத் தட்டி வைத்து நீதிபதியைத் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மகள் இதை ஒப்புவதில்லை. "அப்பா, இங்கே யார் யாருக்குப் பணம் கொடுத்தாங்கன்னாவது ஓரளவு தெரியுது, அங்கே அதுவும் தெரியாதே" என்கிறாள். பதில் சொல்ல யோசிக்க வேண்டித்தான் இருக்கிறது.

மகளுக்கு இதில் ஓட்டில்லை. இன்னும் குடியுரிமை வரவில்லை. 1848-இல் மாநிலம் உருவானபோது, குடிமகனாக விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்த வெளிநாட்டு ஆண்களுக்கு விஸ்கான்சின் ஓட்டுரிமை கொடுத்திருந்தது. அன்று வந்திறங்கிய ஜெர்மானியரும் நார்வேக்காரரும் அப்படி ஓட்டுப் போட்டார்கள். 1908-இல் அந்தக் கதவு மூடப்பட்டது. 2024 நவம்பரில் 'குடிமக்கள் மட்டுமே' என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அங்கே பிறந்த நம் பேரப்பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள். பதினெட்டு வயது முடிந்து, அந்த இடத்தில் 28 நாள் குடியிருந்தால் போதும். முன்கூட்டிப் பதிவு செய்யாவிட்டாலும் முகவரிச் சான்றோடும் புகைப்பட அடையாள அட்டையோடும் போனால் தேர்தல் நாளன்றே சாவடியில் பெயரைச் சேர்த்து ஓட்டுப் போடலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அங்கே இருந்தால், நவம்பரை மட்டுமல்ல, ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமையையும் நாள்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.