விவாகரத்து இதயத்தையும் தாக்குமா? ஆண், பெண் இருவருக்கும் ஒரே பாதிப்பா?

‘மனசு உடைஞ்சு போச்சு’ என்பதை வெறும் பேச்சு வழக்காகத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஆனால், விவாகரத்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் பாதிப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி இல்லை.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 45 முதல் 80 வயது வரையிலான 15,827 பேரின் 1992-2010 காலத் தரவுகளை ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டனர். மணவாழ்க்கையில் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டால், ஒருமுறை விவாகரத்தான பெண்களுக்கு மாரடைப்பு ஆபத்து 24% அதிகம். இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 77%.

ஆண்களுக்கு ஒரு விவாகரத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் ஆனவர்களுக்கு 30% அதிகம். மறுமணம் செய்த ஆண்களுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. பெண்களுக்கோ மறுமணத்துக்குப் பிறகும் ஆபத்து பெரிதாகக் குறையவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்?

நீண்டநாள் மன அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஜெர்மனியில் பல ஆண்டுத் தரவுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வின்படி, பிரிவுக்குப் பிறகு பெண்களின் குடும்ப வருமானம் கடுமையாகச் சரிகிறது. அது எளிதில் மீள்வதில்லை. குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது.

அப்போ ஆண்களுக்குப் பிரச்சினையே இல்லையா?

இருக்கு. அதே ஜெர்மன் ஆய்வில், பிரிந்த புதிதில் அதிகம் தடுமாறியது ஆண்கள்தான். அமெரிக்காவில் 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், விவாகரத்தான ஆண்களிடம் தற்கொலை ஆபத்து மணமானவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. மனைவியைத் தவிர யாரிடமும் மனம்விட்டுப் பேசிப் பழகாதவர்களுக்கு, பிரிவு என்பது பேச ஆளே இல்லாத நிலை.

சகிச்சுக்கிட்டு சேர்ந்தே இருக்கணுமா?

அப்படி அர்த்தம் இல்லை. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். விவாகரத்துதான் காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2005 ஆய்வில், கடுமையாகச் சண்டை போடும் தம்பதிகளுக்குச் சிறு காயம் ஆறுவதுகூடத் தாமதமானது. தினமும் சண்டை நடக்கும் வீடும் உடம்பைக் கெடுக்கும்.

என்ன செய்யலாம்?

- வழக்கு நடக்கும் காலத்திலும் ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.
- தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.
- மனம் தாங்காவிட்டால் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

நண்பர் யாராவது பிரிவில் இருக்கிறாரா? ‘ஏன் பிரிஞ்சீங்க?’ என்று கேட்காதீர்கள். ‘சாப்பிட்டியா, தூங்குனியா?’ என்று கேளுங்கள்.