ரிவெட் அடிக்கத் தெரிந்த கை

இந்தியாவில் தனியார் நிறுவனம் ஒன்று முழு விமானத்தையே கட்டி முடித்த ஊர்கள் மிகச் சிலவே; அவற்றுள் ஓசூரும் ஒன்று என்பது, அவ்வூரை மொபெட்டுக்கும் லாரிக்கும் கைக்கடிகாரத்துக்கும் மட்டுமே அறிந்தவர்களுக்குப் புதிதாக இருக்கக்கூடும். தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் சொந்த ஓடுபாதையோடு அமைந்துள்ள தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம், இத்தாலியின் பார்த்தெனாவியாவிடம் உரிமம் பெற்று, இரட்டை எஞ்சினும் ஆறு இருக்கைகளும் கொண்ட பி-68சி விமானத்தை 1990களில் தயாரித்தது. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகங்கள் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானத்தையும் இதே நிறுவனம் தயாரித்தது. பார்த்தெனாவியாவை 1957இல் தொடங்கிய பாஸ்காலே சகோதரர்களும் அதற்கு முன்பே சிறு விமானங்களைத் தாமே கட்டிப் பறக்கவிட்டவர்கள்தாம்.

இப்படித் தொழிற்சாலையில் அல்லாமல், ஆர்வத்தின் பேரில் தனி மனிதர் தமக்காகக் கட்டிக்கொள்வதை வீட்டுத் தயாரிப்பு விமானம் என்பர். மும்பையில் விமானி அமோல் யாதவ் தம் குடியிருப்பின் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவை 2017இல் பெற்றது. அமெரிக்காவில் இத்தகைய விமானத்தின் பெரும்பகுதியை ஆர்வலர்களே கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கூலிக்கு அமர்த்தப்பட்ட கைவினைஞர் செய்த வேலை அந்தக் கணக்கில் சேராது. ஆயினும் உதவிக்கு ஆள் வைப்பது பழைய வழக்கமே: 1901இல் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் டெய்லர்தான், 1903இல் பறந்த முதல் விமானத்தின் எஞ்சினை ஆறே வாரங்களில் செய்து கொடுத்தார்.

ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிலும் வெல்டர்களுக்கும் ஃபிட்டர்களுக்கும் பஞ்சமில்லை என்பதால், இத்தகைய உதவிக்கு இங்கே ஆள் கிடைப்பது எளிது என்று தோன்றும். அந்த எண்ணம் பாதிதான் சரி. வாகன உதிரிபாகத் தொழிலில் துல்லியத்தைக் காப்பது பெரும்பாலும் ஜிக் எனப்படும் பிடிப்புச் சட்டமும் அளவு பார்க்கும் கேஜும் ஆகும். ஒரே பாகம் ஆயிரக்கணக்கில் வருவதால், பிழையானதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். வீட்டுத் தயாரிப்பு விமானத்திலோ அந்தப் பாகம் ஒன்றே ஒன்றுதான், அதன் துல்லியம் செய்பவரின் கையையே சார்ந்தது.

வேலைக்கு வருபவர் இதற்குத் தகுந்தவரா என்று அறிய, அலுமினியத் தகட்டில் கோடு போடச் சொன்னால் அவர் எதை எடுக்கிறார் என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இரும்பு வேலைக்குப் பழகிய கை இயல்பாக ஸ்க்ரைபரை நாடும். அந்த ஊசிமுனை இழுக்கும் மெல்லிய கீறலே, பறக்கும்போது ஓயாமல் அதிரும் தகட்டில் வெடிப்பு தொடங்கும் இடமாகிவிடும். சாதாரணப் பென்சிலும் ஆகாது, ஏனெனில் அதிலுள்ள கிராஃபைட் ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கத் தூண்டும். விமான வேலை தெரிந்தவர், வெட்டி நீக்கப்போகும் ஓரத்தைத் தவிர மற்ற இடங்களில் மார்க்கர் பேனாவையே பயன்படுத்துவார்.

அடுத்தது ரிவெட். எட்டில் ஒரு அங்குல, அதாவது 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிவெட்டுக்கு, துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது 6.4 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். ஒருபுறம் ரிவெட் துப்பாக்கி அடிக்க, மறுபுறம் பக்கிங் பார் எனும் கனத்த இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிக்கும்போது நசுங்கி உருவாகும் தலை, சுமார் 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். கோணிப்போன ரிவெட்டை அவசரமாகக் கழற்றினால் துளை பெரிதாகி, இருந்த கோளாறு வளர்ந்துவிடும் என்பதால், எதைக் கழற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்தறியும் நிதானத்துக்குத்தான் அனுபவம் என்று பெயர்.

கிட் என்னும் தயார்நிலைத் தொகுப்பாகப் பாகங்கள் வந்தாலும் இந்தக் கண் தேவைப்படும். உலகில் மிகுதியாக விற்கும் கிட்டுகளைத் தரும் அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனம் லேசரால் துளையிட்ட தகடுகளை அனுப்பியபோது, ரிவெட்டின் தலை உள்ளடங்குவதற்காகத் துளையின் விளிம்பைக் குழிக்கையில் சில துளைகளில் வெடிப்பு கண்டது. அதனைக் கண்டறிந்து சொன்னவர்கள் கட்டிக்கொண்டிருந்தவர்களே. இந்தச் சிக்கலும் பிற செலவுகளும் சேர்ந்து அந்நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோர நேர்ந்தது.

பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டரில் இருப்பதால், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸிலோ பேளகொண்டப்பள்ளியிலோ தகட்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களைத் தேடுவது இந்தப் பகுதியில் நடைமுறைக்கு உகந்த வழி. அமர்த்துமுன் இரண்டு துண்டுத் தகடுகளைத் தந்து ரிவெட் அடிக்கச் சொல்லி, பின்னர் அதை அவரையே பிரித்துக் காட்டச் செய்வது நல்லது. சான்றிதழ் சொல்லாததை அது சொல்லிவிடும். கூலியைப் பாகக் கணக்கில் பேசுவது தவறு, ஏனெனில் அது வேகத்துக்குப் பரிசளித்து, பிழையை மறைக்கத் தூண்டுகிறது. நாள் கூலியே பொருத்தம். இறக்கையின் உட்புறத்தைத் தகட்டால் மூடுமுன் உரிமையாளர் பார்த்துப் படமெடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதும், வீணாகி ஸ்கிராப்புக்குப் போகும் தகட்டின் விலை கூலியில் பிடிக்கப்படாது என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும்.