வீட்டில் கட்டிய லேசரும் விழித்திரையும்

பொறியியல் மாணவர் ஒருவர் தம் தாயாருடன் எங்கள் விழித்திரைப் பிரிவுக்கு வந்தார். வலக்கண்ணால் படிக்கும்போது சொல்லின் நடுவே ஒரு கரும்புள்ளி நிற்கிறது என்றார். வலியில்லை, கண் சிவக்கவுமில்லை. பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய யாக் லேசரைக் கொண்டு, உலோகத் தகட்டை அறுக்கும் கருவியொன்றை அவர் வீட்டிலேயே அமைத்திருந்தார். கற்றையை அவர் நேராகப் பார்க்கவே இல்லை. தகட்டில் பட்டுத் தெறித்த ஒளிதான் கண்ணுக்குள் சென்றது.

யாக் லேசர் எங்களுக்குப் புதிதன்று. கண்புரை அறுவைக்குப் பின் லென்சுக்குப் பின்னால் படரும் சவ்வைத் திறப்பதற்கு நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அங்கே அளவும் குவியமும் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

இதன் அலைநீளம் 1064 நானோமீட்டர். இந்த அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குப் புலப்படாது. கூசும் ஒளி பட்டால் சுமார் கால் விநாடியில் இமை தானாக மூடிக்கொள்ளும்; புலப்படாத ஒளிக்கு அந்தக் காவல் இல்லை. கருவிழியும் லென்சும் அதைத் தடுப்பதில்லை. மாறாக, ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவாக்கி விழித்திரையின் ஒரு புள்ளியில் குவித்துவிடுகின்றன. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லாததால் காயம் பட்டதே தெரியாமல் போகலாம்.

வகுப்பறையில் சுட்டிக்காட்ட உதவும் பாதுகாப்பான லேசரின் திறன் ஒரு மில்லிவாட். தொடர்ந்து ஒளிரும் லேசர் 500 மில்லிவாட்டைக் கடந்தால், மிகவும் அபாயகரமான நான்காம் வகுப்பில் சேர்ந்துவிடும். உலோகத்தை அறுக்கும் கருவிகள் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருப்பவை. மாணவர் அணிந்திருந்ததோ வெயிலுக்கான கறுப்புக் கண்ணாடி. அதன் நிழலில் பாப்பா மேலும் விரியும் என்பதால், அது இல்லாமலிருந்தாலே நல்லது என்போம். அந்தந்த அலைநீளத்துக்கென்றே செய்த காப்புக் கண்ணாடி மட்டுமே உதவும்; அதையும் அறையில் நிற்கும் அனைவரும் அணிய வேண்டும். வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கையரைப் பலரும் கணக்கில் கொள்வதில்லை.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதை வேறு. அதன் ஒளி விழித்திரையை எட்டாது, கருவிழியைச் சுட்டுவிடும். அதன் குழாய்க்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். லேசர் தொடர்பான உயிரிழப்புகளில் பெரும்பாலானவை மின்னதிர்ச்சியால் நேர்ந்தவையே.

“சொட்டு மருந்து போட்டால் சரியாகிவிடுமா, டாக்டர்?” என்று தாயார் கேட்டார். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. வெந்துபோன ஒளியுணர் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. சுற்றியுள்ள வீக்கம் வடிந்தால் சில மாதங்களில் பார்வை ஓரளவு மீளலாம். சிலருக்கு மையத்தில் துளை விழுந்து அறுவை தேவைப்படுவதுண்டு. ஆகவே, இத்தகைய ஐயம் எழுந்தால் கண்ணைக் கசக்காமல், வீட்டிலுள்ள மருந்து எதையும் விடாமல், அன்றே வாருங்கள். கருவியின் அலைநீளமும் திறனும் எழுதிய சீட்டைப் படமெடுத்து வந்தால் எங்களுக்குப் பேருதவி.

கருவியை உடைத்தெறியுமாறு அந்த மாணவரிடம் நாங்கள் சொல்லவில்லை. கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், கதவைத் திறந்தால் தானே அணையும் மூடிய பெட்டிக்குள் அமைக்கச் சொன்னோம். மூன்று மாதம் கழித்து வந்தபோது அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டினார். கரும்புள்ளி சற்றுச் சுருங்கியிருந்தது, மறையவில்லை.