விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர்

எட்ட வேண்டிய குறி சிறிதாகவோ தொலைவிலோ இருந்தால் கைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லும் பால் ஃபிட்ஸின் 1954ஆம் ஆண்டு விதியைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் காலுக்கு வருவோம். அதற்குச் சிங்கப்பூரின் ஜாலான் புசார் போதும்.

சாலைப் பொறியாளரின் கணக்குக்குள் ஒருவர் நடக்கிறார். பெயர் இல்லை, வயது இல்லை; வேகம் மட்டும் உண்டு: விநாடிக்கு 1.2 மீட்டர். பல நாடுகள் நெடுங்காலம் இவரை நம்பித்தான் பச்சை விளக்கின் நேரத்தை வகுத்தன. அமெரிக்கப் போக்குவரத்துக் கையேடு 2009இல்தான் இவர் நடையைச் சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தது.

15 மீட்டர் அகலச் சாலையை இவர் 12.5 விநாடியில் தாண்டிவிடுவார். பெர்சே உணவங்காடி நிலையத்திலிருந்து ஒரு கையில் தாப்பாவ் பையும் மறு கையில் ஊன்றுகோலுமாக வரும் பாட்டி, விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அதே அகலத்துக்கு ஏறக்குறைய 19 விநாடி வேண்டும். ஆறு விநாடிக்கு மேல் துண்டு விழுகிறது. நடக்கத் தொடங்குவதற்கும் நேரம் உண்டே! ஆய்வாளர்கள் கார்ட், மொரான், நியூவெல் மூவரும் 1983இல் போட்ட கணக்குப்படி, கண் பார்க்க 100, மனம் முடிவெடுக்க 70, தசை அசைய 70, ஆக 240 மில்லிவிநாடி. அது பொத்தானை அழுத்தும் விரலுக்குச் சரி. திரும்பும் கார் நின்றுவிட்டதா என்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காலை இறக்கும் பாட்டிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

எல்லாருக்கும் நேரத்தைக் கூட்டினால் வாகனங்கள் தேங்கும். நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் கொண்டுவந்த ‘கிரீன் மேன் பிளஸ்’ வேறு வழி பார்த்தது. மூத்தோரும் உடற்குறையுள்ளோரும் சலுகை அட்டையைக் கருவியில் தட்டினால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாகக் கிடைக்கும்.

இதன் சாமர்த்தியம் புரிய அமெரிக்காவின் நைனெக்ஸ் தொலைபேசி நிறுவனத்துக்குப் போக வேண்டும். இணைப்பகப் பணியாளர்களுக்குப் புதுக் கணினிகள் வாங்க அது எண்ணியிருந்தது. ஆய்வாளர்கள் வேய்ன் கிரே, பானி ஜான், மைக்கேல் அட்வுட் ஆகியோர் அழைப்புகளைப் பார்வை, யோசனை, விசைத்தட்டல் என்று பிரித்துக் கணக்கிட்டு, புதியதில் வேலை சுமார் 3 சதவீதம் மெதுவாகும் என்றார்கள். களச் சோதனையும் அதையே காட்டியது. ஆய்வு 1993இல் வெளிவந்தது. வாடிக்கையாளர் பேசும்போதே தட்டிவிடக்கூடிய ஒரு விசையைப் புதிய வடிவமைப்பு அழைப்பின் கடைசிக்குத் தள்ளியிருந்தது. எத்தனை தட்டல் என்பதைவிட, தட்டல் எப்போது விழுகிறது என்பதே கணக்கை மாற்றியது.

பாட்டி அட்டையைத் துழாவி எடுத்துத் தட்டுவது சிவப்பு விளக்குக்காக எப்படியும் நின்றாக வேண்டிய நேரத்தில். அந்தத் தட்டலால் யாருக்கும் ஒரு விநாடிகூட நட்டமில்லை. இந்த இடத்தில் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் மூத்தோர் அட்டைக்குப் பிறந்த ஆண்டுதான் தெரியும், முழங்கால் தெரியாது. மூட்டுவலியோடு நடக்கும் 45 வயதுக்காரர் அட்டை இல்லாமல் அதே கடவையில் நிற்கிறார். கணக்கில் அவர் இன்னமும் பெயரும் வயதும் இல்லாத அந்த நடையாளர்தான்.

(தொடரும்)