நகை நிறத்தில் ஒரு தோட்டம்
பிபிசியின் ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி 2011 முதல், தொகுப்பாளர் மாண்டி டானின் சொந்தத் தோட்டத்திலேயே படமாக்கப்படுகிறது. இங்கிலாந்தின் ஹெர்ஃபர்ட்ஷயரில், ஏறக்குறைய 2 ஏக்கர். பெயர் லாங்மெடோ.

1980களில் மாண்டியும் மனைவி சாராவும் நகைத் தொழில் நடத்தி நொடித்துப்போனவர்கள். அந்த நினைவைப் புதைத்துவிடாமல், இங்கே ‘நகைத் தோட்டம்’ என்றே ஒரு பகுதியை வளர்த்திருக்கிறார்கள். மாணிக்கச் சிவப்பு, நீலக்கல் நீலம், மரகதப் பச்சை, பொன், செம்பு என்று பூக்களும் இலைகளும் அடர்ந்து நிற்கின்றன. வெளிர் ரோஜா நிறத்துக்கு அனுமதியே இல்லை! ஆங்கிலேயத் தோட்டப் பிரியர்கள் பலருக்கு வெளிர் நிறங்கள்தான் உயிர். அவர்களுக்கு இதைப் பார்த்தால் கண் கூசலாம். தங்கள் வாழ்க்கையிலிருந்தே நிறத்தைத் தேர்ந்தெடுத்த அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.